டவுன்லோடு செய்த ஃபைலைத் திறக்கும் முன்: புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அது. காலையிலிருந்து இன்ஜினியரிங் கவுன்சலிங் விண்ணப்பத்துக்குப் பிள்ளைகள் வாசல் வரை நிற்கிறார்கள். நடுவில், துறைமுகத்து கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஓடி வந்தார். "அண்ணா, டெலிவரி ஆர்டர் மெயில் ஒண்ணு வந்திருக்கு. உங்க ஐடிக்குத் தள்ளிட்டேன். ரெண்டு காப்பி சீக்கிரம் குடுங்கண்ணா, வண்டி நிக்குது" என்றார்.

மெயிலில் ஒரு ஜிப் ஃபைல். பிரிக்கப் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டும் அதே மெயிலில் எழுதியிருந்தது. பிரித்தேன். உள்ளிருந்த ஃபைல் ஒரு நொடி கண்ணில் பட்டு மறைந்துபோனது. திரையின் வலது கீழ் மூலையில் ஆன்டிவைரஸின் ஒரு சின்னப் பெட்டி: "த்ரெட்ஸ் ஃபவுண்ட்", அதாவது ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டது. போன வருடம் ஒரு தமிழ் ஃபான்ட் மென்பொருளையும் இப்படித்தான் அது தவறாகப் பிடித்திருந்தது. அதே நினைப்பில் அதன் ஹிஸ்டரிக்குள் போய் "அலவ்", அதாவது அனுமதி, கொடுத்தேன். ஃபைல் திரும்ப வந்தது. சிவப்பு நிற பிடிஎஃப் படம் போட்டிருந்த அதை இரண்டு முறை அழுத்தினேன். ஒன்றும் திறக்கவில்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது, திரும்ப அனுப்பச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையின் சான்றிதழை ஸ்கேன் செய்யப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் என் மெயில் ஐடியிலிருந்து அதே ஜிப் ஃபைல் என் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் போயிருந்தது. பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் திருடுபோயிருந்தன. மூன்று நாள் கடையில் கம்ப்யூட்டர் ஓடவில்லை. ஃபார்மெட் போட 1,500 ரூபாய். ஒவ்வொருவருக்கும் போன் செய்து "என் மெயிலைத் திறக்காதீங்க" என்று சொன்னது தனி வேலை. விண்ணப்பத்துக்குக் காத்திருந்த பிள்ளைகளை வேறு கடைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இன்றும் மனதை உறுத்துவது அதுதான்.

ஆன்டிவைரஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதன் கையைத் தட்டிவிட்டது நான். அது எப்போது பார்க்கிறது, எதைப் பார்க்கிறது, எங்கே அதற்குக் கண் தெரியாது என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த "அலவ்" பொத்தானைத் தொட்டிருக்க மாட்டேன். விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டரும் ஆண்ட்ராய்டு போனும் வைத்திருப்பவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்களிடம் என்ன காவல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

நேரம்: 5 நிமிடம். செலவு: இல்லை.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தட்டச்சு செய்யுங்கள். அதில் "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்" என்ற பகுதி இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது, காசு கிடையாது. "மேனேஜ் செட்டிங்ஸ்" உள்ளே போய் நான்கு சுவிட்சுகளைப் பாருங்கள்: ரியல் டைம், கிளவுட், சாம்பிள் சப்மிஷன், டாம்பர் புரொடெக்ஷன். நான்கும் ஆனில் இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் கீழே "எக்ஸ்க்ளூஷன்ஸ்" என்று ஒரு பட்டியல் உண்டு. இந்த இடங்களைப் பார்க்காதே என்று ஆன்டிவைரஸுக்குச் சொல்லிவைக்கும் பட்டியல் அது. நீங்கள் எதையும் சேர்க்காதபோது அங்கே ஏதாவது இருந்தால், யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு மென்பொருள், உங்களுக்குத் தெரியாமல் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். என் பழைய கம்ப்யூட்டரில் முழு டி டிரைவும் அந்தப் பட்டியலில் இருந்தது. கிராக் போட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, டிசைன் மென்பொருளை ஏற்றியவர் சேர்த்துவிட்டுப் போனது. வாடிக்கையாளர்களின் ஃபைலை நான் இறக்கிக்கொண்டிருந்ததும் டி டிரைவில்தான்.

காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்கும் என் கடை மாதிரி ஒன்றிரண்டு கம்ப்யூட்டர் உள்ள இடத்துக்கும் டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. போன் மூலம் உதவி கேட்க ஆள் வேண்டும், பல கம்ப்யூட்டரை ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் வாங்கலாம். நம் சென்னையிலேயே 1991-இல் தொடங்கிய கே7, புனேயின் குயிக் ஹீல் போன்றவை கடைகளில் கிடைக்கின்றன. வாங்கினால் ஜிஎஸ்டி பில்லையும் உரிமக் குறியீடு உள்ள அட்டையையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஃபார்மெட் போட்டால் திரும்ப ஏற்ற அந்தக் குறியீடு வேண்டும். ஆன்லைனில் வாங்குபவர்கள் முதல் ஆண்டு விலையை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டு விலை கூடுதலாக இருக்கலாம், அதுவும் கார்டிலிருந்து தானாகவே எடுக்கப்படலாம்.

இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைக் காவல் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஃபைலை இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்துக் கம்ப்யூட்டரைத் திணறடிக்கும். வெளியிலிருந்து ஒன்றை ஏற்றினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் அந்த ஓராண்டு உரிமம் முடிந்த பிறகு புதுப்பிக்காமலும் நீக்காமலும் விட்டுவைத்தால் புது அப்டேட் வராது. காவலுக்கு ஆள் இருக்கிற மாதிரி தெரியும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். புதுப்பியுங்கள், அல்லது நீக்கிவிட்டு டிஃபெண்டர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் 11-க்கு ஏற்றதென்றால் மாறிவிடுங்கள்.

2. ஃபைல் இறங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

கொஞ்சம் நீளம்தான், ஆனால் இது புரிந்தால் மீதி எல்லாம் தானே புரிந்துவிடும்.

துறைமுகத்தில் கன்டெய்னர் வெளியே வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்டில் காகிதமும் சீலும் பார்ப்பார்கள். அப்புறம் ஸ்கேனர் வழியே போகும். சந்தேகம் வந்தால் திறந்தே பார்ப்பார்கள். ஃபைலுக்கும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்.

கேட் என்பது பிரவுசர். குரோமோ எட்ஜோ, நீங்கள் இறக்கும் தளத்தின் முகவரியையும் ஃபைலையும் தன்னிடமுள்ள ஆபத்துப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. கூடவே "இது இன்டர்நெட்டிலிருந்து வந்தது" என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையை ஃபைலோடு சேர்த்து எழுதுகிறது. ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பார்த்தால் கீழே "அன்பிளாக்" என்று ஒரு கட்டம் தெரியும். அந்த முத்திரையின் அடையாளம் அது. இந்த முத்திரை இருந்தால்தான் அறிமுகமில்லாத மென்பொருளை ஓட்டும்போது "விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி" என்ற நீலப் பெட்டி வரும். வேர்டு, எக்செல் ஃபைல்களுக்குள் இருக்கும் குட்டி நிரலான மேக்ரோவைத் தானாக ஓடவிடாமல் தடுப்பதும் இந்த முத்திரைதான்.

ஃபைல் டிஸ்கில் எழுதப்பட்டதும் ஆன்டிவைரஸ் அதைப் படிக்கத் தொடங்குகிறது. பெயரையும் படத்தையும் அது நம்புவதில்லை. ஃபைலின் முதல் சில எழுத்துகளைப் பார்க்கிறது. உண்மையான பிடிஎஃப் என்றால் தொடக்கத்திலேயே சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்றெழுத்தும் இருக்கும். ஜிப் என்றால் பி, கே. ஓடக்கூடிய விண்டோஸ் மென்பொருள் என்றால் எம், இசட். ஃபார்மெட் போட வந்த டெக்னீஷியன் அந்த டெலிவரி ஆர்டரை நோட்பேடில் இழுத்துவிட்டுக் காட்டினார். பக்கம் முழுக்கப் புரியாத குறிகள். ஆனால் இடது மேல் மூலையில், முதல் இரண்டு எழுத்து தெளிவாக எம், இசட். "அண்ணா, இது பிடிஎஃபே கிடையாது" என்றார். சிவப்புப் படம், அந்த ஃபைல் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டை.

அடுத்தது கைரேகை. ஃபைல் முழுவதையும் கணக்குப் போட்டு 64 எழுத்து நீளத்தில் ஒரு குறியீடாகச் சுருக்கலாம். ஷா-256 என்பார்கள். தெரிந்த கெட்ட ஃபைலின் குறியீட்டோடு ஒத்துப்போனால் உடனே பிடிபடும். ஆனால் ஃபைலில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் குறியீடு முழுக்க மாறிவிடும். அதனால் கைரேகை மட்டும் போதாது. கெட்ட மென்பொருள் குடும்பங்களுக்கே உரிய சில துண்டுகளை, நடையைப் பார்த்து ஆளை அடையாளம் காண்பது போல, ஃபைலுக்குள் தேடுகிறது. இந்த அடையாளங்களின் பட்டியல்தான் "டெஃபனிஷன் அப்டேட்" என்ற பெயரில் வந்துகொண்டே இருப்பது. டிஃபெண்டருக்கு ஒரு நாளிலேயே பல முறை வருகிறது. டேட்டா மிச்சம் பிடிக்க அதை நிறுத்திவைக்காதீர்கள்.

உள்ளடக்கத்தைச் சுருட்டி மறைத்த ஃபைல்களும் உண்டு. அவற்றை ஒரு பொய்யான குட்டிக் கம்ப்யூட்டருக்குள் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுருள் பிரிந்ததும் என்ன வெளியே வருகிறது என்று பார்க்கிறது. அப்போதும் முடிவு தெரியாவிட்டால் கிளவுடை, அதாவது நெட் வழியே அந்த நிறுவனத்தின் சர்வரை, கேட்கிறது. டிஃபெண்டர் இதற்காக ஃபைலை 10 விநாடி வரை நிறுத்தி வைக்கும். புது மென்பொருள் திறக்கத் தாமதமாகிறதே என்று நாம் எரிச்சல்படும் நேரத்தில், அது கேட்டுக்கொண்டிருக்கலாம். நெட் இல்லாதபோது இந்தப் படி கிடையாது. அதனால் நெட் இல்லாத நேரத்தில் புது ஃபைலைத் திறக்காமல் இருப்பது நல்லது.

கடைசிப் படி, ஃபைல் ஓடத் தொடங்கிய பிறகு. ஒரு மென்பொருள் சேமித்த பாஸ்வேர்டுகளைத் தொடுகிறதா, வரிசையாக ஃபைல்களைப் பூட்டுகிறதா என்று நடத்தையைக் கவனித்து இடையிலேயே நிறுத்தும். இது கடைசி வேலி. இதற்குள் கொஞ்சம் சேதம் ஆகியிருக்கலாம்.

3. பெயரின் வாலைப் பாருங்கள்

நேரம்: ஒரு நிமிடம், ஒரே ஒரு முறை.

விண்டோஸ், தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் வாலை, அதாவது புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை, வழக்கமாக மறைத்தே காட்டும். "பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ" என்று ஒருவன் பெயர் வைத்தால் உங்கள் கண்ணுக்கு "பில் டாட் பிடிஎஃப்" என்றுதான் தெரியும். எக்ஸ்இ என்பது ஓடக்கூடிய மென்பொருளின் வால். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, ஷோ, "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் வியூ பட்டையிலேயே அந்தக் கட்டம் இருக்கும்.

பில், ரசீது, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஃபைலின் வால் எக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ், எல்என்கே, ஐஎஸ்ஓ, எம்எஸ்ஐ என்று முடிந்தால் திறக்க வேண்டாம். காகிதமாக அச்சடிக்க வேண்டிய எதுவும் இந்த வால்களோடு வராது. எஸ்சிஆர் என்பது ஸ்கிரீன் சேவர் என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். அதுவும் எக்ஸ்இ மாதிரியே ஓடும்.

4. திறக்கும் முன் இரண்டு நிமிடம்

ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் "ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்" என்று வரும். விண்டோஸ் 11-இல் கண்ணில் படாவிட்டால் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" அழுத்துங்கள். சின்ன ஃபைலுக்குச் சில விநாடிதான் ஆகும். கடையில் ஆள் நின்றாலும் இதைச் செய்துவிட்டுத்தான் இப்போது பிரிண்ட் கொடுக்கிறேன்.

மென்பொருள் ஏதாவது இறக்கியிருந்தால் இன்னொரு படி உண்டு. வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஃபைலைப் போட்டால் 70-க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். இலவசம். 650 எம்பி வரை போடலாம். கூகுள் குழுமத்தைச் சேர்ந்தது. முடிவைப் படிப்பதில் நிதானம் வேண்டும். எழுபதில் ஒன்றோ இரண்டோ, அதுவும் பெயர் தெரியாத ஒன்று, சிவப்பு காட்டினால் தவறான பிடிப்பாக இருக்கலாம். பத்து, இருபது சிவப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், அழியுங்கள். பூஜ்யம் என்று வந்தாலும் அது நற்சான்றிதழ் கிடையாது. இன்று காலை புதிதாகச் செய்த கெட்ட ஃபைல் இன்னும் யார் பட்டியலிலும் ஏறியிருக்காது. சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு நாள் கழித்துத் திரும்பச் சோதியுங்கள்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். வைரஸ்டோட்டலில் ஏற்றும் ஃபைல் உங்களோடு நிற்பதில்லை. ஆன்டிவைரஸ் நிறுவனங்களுக்கும் அந்தச் சேவையைக் காசு கொடுத்துப் பயன்படுத்துபவர்களுக்கும் அது கிடைக்கும். வாடிக்கையாளரின் ஆதார் நகல், பான் கார்டு, வங்கி ஸ்டேட்மென்ட், மார்க் ஷீட் இவற்றை அங்கே போடவே கூடாது. அப்படிப்பட்ட ஃபைலைச் சோதிக்க வேண்டுமென்றால், நான் முன்பு சொன்ன 64 எழுத்துக் குறியீட்டை மட்டும் எடுத்து அங்கே தேடலாம். ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு நகராது. குறியீடு எடுக்க விண்டோஸிலேயே வசதி உண்டு. தெரிந்த பையன் ஒருவரை ஒரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள், அப்புறம் நீங்களே செய்வீர்கள்.

மென்பொருளை எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். எங்கள் தொழிலில் தமிழ் ஃபான்ட், தமிழ்த் தட்டச்சு மென்பொருள் தேடாதவர் கிடையாது. தேடினால் பக்கம் முழுக்க "டவுன்லோடு" பொத்தான்கள். பாதிக்கு மேல் விளம்பரம். ஃபான்ட் என்றால் வால் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று இருக்க வேண்டும், அல்லது அவற்றை உள்ளே வைத்த ஜிப். ஃபான்ட் கேட்ட இடத்தில் எக்ஸ்இ வந்தால் அந்தப் பக்கத்தையே மூடுங்கள்.

5. பாஸ்வேர்டு போட்ட ஜிப்: ஆன்டிவைரஸுக்குக் கண் தெரியாத இடம்

சாதாரண ஜிப் ஃபைலைப் பிரிக்காமலேயே உள்ளே பார்க்க ஆன்டிவைரஸால் முடியும். பாஸ்வேர்டு போட்டுவிட்டால் முடியாது. உள்ளே இருப்பது பூட்டிய பெட்டி. மெயில் சர்வரும் பார்க்க முடியாது, பிரவுசரும் பார்க்க முடியாது. "ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை என்று வந்தது" என்பதற்கு இங்கே பொருளே இல்லை.

வங்கி ஸ்டேட்மென்ட் பாஸ்வேர்டோடு வருகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் வங்கி அந்தப் பாஸ்வேர்டை மெயிலில் எழுதி அனுப்பாது. உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும் என்பது மாதிரி, நீங்கள் மட்டும் கணக்குப் போடும்படி சொல்லும். பூட்டும் சாவியும் ஒரே கவரில் வந்தால் அந்தப் பூட்டு உங்களுக்காகப் போட்டது இல்லை. ஆன்டிவைரஸிடமிருந்து மறைக்கப் போட்டது. அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். மெயிலிலேயே பதில் போட்டுக் கேட்காதீர்கள். அவர் மெயிலை வேறு ஆள் வைத்திருந்தால் பதிலும் அந்த ஆளே சொல்வான்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் பிரித்துவிட்டு உடனே திறக்காதீர்கள். பிரிக்கும் நொடியில்தான் ஆன்டிவைரஸ் அதை முதன்முதலாகப் பார்க்கிறது. அதற்கு அவகாசம் கொடுங்கள், வாலைப் பாருங்கள், ஒரு ஸ்கேன் போடுங்கள்.

6. பென் டிரைவ்

ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும், திறந்தால் அடுத்த கம்ப்யூட்டருக்கும் ஒட்டிக்கொள்ளும். பென் டிரைவைச் செருகியதும் "திஸ் பிசி" போய், அந்த டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் போட்டுவிட்டுத் திறங்கள். வழக்கமான சைஸ் டிரைவுக்கு டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

பிராஜெக்ட் ரிப்போர்ட் போய்விட்டது என்று கல்லூரிப் பிள்ளைகள் அழுதுகொண்டே பென் டிரைவை ஃபார்மெட் செய்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அசல் ஃபைல்கள் உள்ளேயே மறைந்து கிடக்கும். ஸ்கேன் போட்டு வைரஸை நீக்கிய பிறகு, வியூவில் "ஹிடன் ஐட்டம்ஸ்" ஆன் செய்யுங்கள்; ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் "ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்ற டிக்கையும் எடுங்கள். ஃபைல்கள் மங்கலாகத் தெரியும். வேறு இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டு, டிக்கைத் திரும்பப் போடுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இன்டர்நெட்டிலிருந்து வந்தது என்ற அந்த முத்திரை, சாதாரண பென் டிரைவில் நகலெடுத்ததும் தொலைந்துவிடும். அதனால் பென் டிரைவில் வந்த மென்பொருளுக்கு நீலப் பெட்டி எச்சரிக்கை வராமல் போகலாம். எச்சரிக்கை வரவில்லை, அதனால் நல்ல ஃபைல் என்று முடிவு கட்டாதீர்கள்.

7. போனில் ஏபிகே

எங்கள் பகுதியில் இப்போது அதிகம் பேர் மாட்டுவது கம்ப்யூட்டரில் இல்லை, வாட்ஸ்அப்பில். "எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்க" என்று ஒரு ஃபைல், "உங்கள் வண்டிக்கு அபராதம்" என்று ஒரு ஃபைல். வால் ஏபிகே. பத்திரிகை என்றால் படமோ பிடிஎஃபோதான் வரும். ஏபிகே என்பது ஆப். யார் நம்பரிலிருந்து வந்தாலும், சொந்த மாமா நம்பரிலிருந்து வந்தாலும், நிறுவாதீர்கள். மாமாவின் போனை ஏற்கெனவே அது பிடித்திருக்கலாம்.

செட்டிங்ஸில் "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்" என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாவற்றுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள். பிளே ஸ்டோரில் உங்கள் படத்தை அழுத்தி "பிளே புரொடெக்ட்" ஆனில் இருக்கிறதா பாருங்கள். நிறுவிய ஆப்களை அது அவ்வப்போது சோதிக்கும். இரண்டுக்கும் சேர்த்து மூன்று நிமிடம். வீட்டில் பெரியவர்கள் போனில் நீங்களே செய்துகொடுங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டால் முதலில் ஏரோபிளேன் மோடு போடுங்கள். வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். இந்த ஆப்கள் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி வாங்கி ஓடிபியைத் திருடுகின்றன. நெட் இல்லாவிட்டால் வெளியே அனுப்ப முடியாது. அப்புறம் வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். ஆப்பை நீக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

8. எச்சரிக்கை வந்தால்

உண்மையான எச்சரிக்கையா என்று முதலில் பாருங்கள். பிரவுசருக்குள் சைரன் சத்தத்தோடு வந்து, ஒரு போன் நம்பரைக் கூப்பிடச் சொன்னால் அது பொய். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. உண்மையான எச்சரிக்கை என்றால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் "புரொடெக்ஷன் ஹிஸ்டரி"யில் பதிவாகியிருக்கும். அங்கே இல்லையென்றால் பிரவுசரை மூடுங்கள்.

உண்மை என்றால் ஃபைல் "குவாரன்டைன்" ஆகியிருக்கும். அழிந்துபோகவில்லை, ஓட முடியாதபடி தனியே பூட்டி வைத்திருக்கிறது. அவசரமே இல்லை. "அலவ்", "ரீஸ்டோர்" இரண்டையும் தொடாமல், பிடிபட்ட பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரில் "டிரோஜன்", "பாஸ்வேர்டு ஸ்டீலர்", "ரான்சம்" என்று இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. தவறான பிடிப்புதான் என்று உறுதியாக நினைத்தால் ஃபைலைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் பாருங்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்பது ஒரு காரணமே இல்லை. "கம்ப்யூட்டர் இதைத் திறக்க விடலை தம்பி, பிடிஎஃபா அனுப்பச் சொல்லுங்க" என்றால் போதும். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை.

"முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்ற குறிப்போடு வரும் மென்பொருள் எதுவானாலும் வேண்டாம்.

காவல் வேலை செய்கிறதா என்று பார்க்கவே ஒரு சோதனை ஃபைல் இருக்கிறது. ஐகார் என்பார்கள். வெறும் 68 எழுத்து, எந்தத் தீங்கும் செய்யாது. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே பிடிக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற ஏற்பாடு. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். பிடித்தால் சரி. அமைதியாக இறங்கி உட்கார்ந்துகொண்டால் முதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

9. மாட்டிக்கொண்ட பிறகு: நேரம், காகிதம், செலவு

முதல் 10 நிமிடம்: நெட் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மாட்டிக்கொண்ட அந்தக் கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டு மாற்றாதீர்கள். புதுப் பாஸ்வேர்டும் திருடுபோகும். நான் செய்த இரண்டாவது தவறு அதுதான். வேறு போனிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டு, அப்புறம் வங்கி, அப்புறம் மற்றவை. மாற்றியதோடு நிற்காமல் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். திருடியவன் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தால் பாஸ்வேர்டு மாற்றம் மட்டும் அவனை வெளியேற்றாமல் போகலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அப்போதே ஆன் செய்யுங்கள்.

பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் முன்பாக சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம், கட்டணம் கிடையாது. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை: நடந்த தேதியும் நேரமும், வங்கியின் பெயர், 12 இலக்கப் பரிவர்த்தனை எண், போன தொகை, அடையாள அட்டை ஒன்றின் படம் (5 எம்பிக்குள்), மெயில், மெசேஜ், ஹிஸ்டரி பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்கள். நடந்ததை விவரிக்கும் கட்டத்தில் குறைந்தது 200 எழுத்து இருக்க வேண்டும், சிறப்புக் குறிகளை ஏற்காது. முதலிலேயே நோட்பேடில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். அரைகுறையாக எழுதி இரண்டு முறை வெளியே தள்ளப்பட்ட பிறகு எனக்கு இது புரிந்தது. கடைசியில் வரும் புகார் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய, விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" போய் "மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்" ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம். அதற்குப் பிறகு ஃபுல் ஸ்கேன். என் பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்குக்கு நான்கரை மணி நேரம் ஆனது. இரவில் போட்டுவிட்டுப் போங்கள். இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவசச் சுத்திகரிப்புக் கருவிகள் இருக்கின்றன.

பாஸ்வேர்டு திருடும் ரகம் என்றால் நான் ஃபார்மெட்டைத்தான் சொல்வேன். ஆனால் டெக்னீஷியனிடம் கொடுக்கும் முன் போட்டோ, டிசைன், டேலி பேக்கப் எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்இ வால் உள்ள எதையும் எடுக்காதீர்கள். புது டிஸ்க் வேண்டுமென்றால் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். பில்லோடு வாங்குங்கள், வாரண்டிக்கு அது வேண்டும்.

ஃபார்மெட் போடுபவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "என் விண்டோஸ் ஒரிஜினல், ஆக்டிவேட்டர் எதுவும் போட வேண்டாம்." உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளது போல ஓடவைக்கும் கள்ள மென்பொருள்தான் ஆக்டிவேட்டர். உரிமத்தோடு வந்த கம்ப்யூட்டரில் அதே பதிப்பை ஏற்றினால் நெட் வந்ததும் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆக்டிவேட்டர் போடுபவர்கள், ஆன்டிவைரஸ் அதைப் பிடிக்கும் என்பதால், முதலில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் சி டிரைவையே சேர்த்துவிடுவார்கள். கம்ப்யூட்டரைக் கையில் வாங்கியதும், பணம் கொடுப்பதற்கு முன், அவர் முன்னாலேயே அந்தப் பட்டியலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.